அப்பாச்சிப் படத்தில் என் கைகள்

1

கிழக்கு லண்டனில், ரெயினம் மணல் கிடங்கிலிருந்து மனோர் பார்க்கை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கன்னத்தின் குறுக்கே சிவப்புக் கோடுகள். உடம்பில், கார் துடைக்கிற தோல்துண்டுகளைப் பொருத்தித் தைத்த ஒரு மேற்சட்டை. காலில் மட்டும் என் சொந்தச் சப்பாத்து. தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றிக் கழுத்தில் சுற்றியிருந்தேன், குளிருக்கு. என்னுடைய உடுப்புகள் எங்களைக் கூட்டிவந்த மணியம் அண்ணையின் வான் வண்டியோடு போய்விட்டன. அந்த வான் என்னைக் கடந்து போனபோது உள்ளேயிருந்தவர்கள் எல்லோரும் மற்றப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலைச் சுவர் மட்டும்தான் இருந்தது.

அந்தத் தெருவில் எங்களைப் போன்ற ஒருவன் தனியாக நடந்தால் வழக்கமாகக் கார்களுக்குள்ளிருந்து ஒரு வசைச்சொல் வந்து விழும். அன்று விழவில்லை. ஹோர்ன் அடித்தார்கள். ஒரு லொறிக்காரன் சினிமாச் செவ்விந்தியன் மாதிரி வாயில் கையை வைத்து வைத்து எடுத்துக் கூவினான். நான் கையை உயர்த்தினேன், அவன் பதிலுக்கு உயர்த்தினான். சொந்த முகத்தோடு போனபோது கிடைக்காத மரியாதை, சாயத்தோடு போனபோது கிடைத்தது.

டகன்ஹாமுக்கு முன்னால் பொலிஸ் கார் ஒன்று மெதுவாக என் பக்கத்தில் வந்தது.

"எங்கே போகிறாய்?"

"வீட்டுக்கு."

"எங்கேயிருந்து வருகிறாய்?"

இந்தக் கேள்விக்கு நான் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் பதில் சொல்லிப் பிழையாகப் போயிருக்கிறது. அதனால் யோசித்து, "வேலையிலிருந்து" என்றேன்.

"என்ன வேலை?"

"அப்பாச்சி."

பொலிஸ்காரர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் என் மேற்சட்டையைப் பார்த்தார்.

"ஷிப்ட் முடிந்துவிட்டதா?"

"முடிந்துவிட்டது" என்றேன். கார் போய்விட்டது. அன்று முழுவதும் நான் சொன்னதை அப்படியே நம்பியவர்கள் அவர்கள் இருவரும்தான்.

2

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு என் மகள் தர்ஷி காரணம். அவளுக்குப் பத்து வயது. ஈஸ்ட் ஹாமில் படிக்கிறாள். தமிழில் அப்பா, அம்மா, மாமா, பசிக்குது, போங்கோ என்ற அளவுக்குப் பேசுவாள். மிச்சமெல்லாம் இங்கிலீஷ். போன கிழமை வகுப்பில் சரித்திர பாடத்துக்கு ஒரு பழைய வீடியோ போட்டிருக்கிறார்கள். பூர்வீக அமெரிக்கர்களான அப்பாச்சிகளின் வாழ்க்கை. அதில் ஓர் இடத்தில் திரை முழுக்க இரண்டு கைகள் வருகின்றன. ஒருவருடைய நீண்ட முடியைப் பிடித்துத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. இடக்கைச் சுண்டுவிரல் பாதியில் வளைந்து வெளியே நிற்கிறது.

அந்த விரலை வவுனியாவில் ஒரு லொறியின் பின்கதவு வளைத்தது. அப்போது எனக்குப் பதினாறு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லொறியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த விரலைப் பிடித்துத்தான் தர்ஷி நடக்கப் பழகினாள். ஆகவே வகுப்பில் எழும்பி, "அது என் அப்பாவின் கை" என்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர், "இல்லையம்மா, அவர் ஓர் அப்பாச்சி" என்றார். இவள் விடவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்னார்கள்.

ரீச்சர் நல்ல பெண். எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனை கூடுதலாக இருக்கும், அது நல்லதுதான், ஆனால் உண்மைக்கும் கற்பனைக்கும் வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்றார். நான் இடக்கையை மேசையில் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அப்படியானால் நீங்கள் அரிசோனாவில் இருந்தீர்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் தர்ஷி கேட்டாள்: "அப்பா, வை டிட் யூ கட் ஹிஸ் ஹெயார்?"

"அவரின்ரை அம்மா செத்துப்போனா."

"இன் த ஃபில்ம்?"

"இல்லை. உண்மையா."

என் வளைந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அங்கே இவ்வளவு பேர் நின்றார்களே, ஏன் நீங்கள் மட்டும் வெட்டினீர்கள் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழில் இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையே இருக்காது. அதுதான் கவலையான விஷயம்.

3

எண்பதுகளின் கடைசிப் பகுதி. ஊரில் இந்திய ஆமி நின்ற காலம். நாங்கள் மனோர் பார்க்கில் மணியம் அண்ணையின் வீட்டில் இருந்தோம். பேருக்குத்தான் வீடு, கட்டிலுக்குக் கட்டில் வாடகை. ஒரு ஷிப்ட் எழும்பிப் போக மற்ற ஷிப்ட் வந்து அதே சூட்டில் படுக்கும். மணியம் அண்ணை ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். லண்டனில் ஆள் பிடித்துக் கொடுப்பவர். உணவகங்களுக்குக் கோப்பை கழுவ, பெற்றோல் நிலையத்துக்கு இரவில் இருக்க, ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்க என்று யார் கேட்டாலும் காலையில் வானில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவார். ஒருநாள் போனில் கதைத்துவிட்டு வந்து, "அப்பாச்சியா நடிக்க ஆம்பிளையள் வேணுமாம்" என்றார். நாங்கள் எங்கள் தகப்பன்மாரின் தாய்மாரை நினைத்து, சேலை உடுக்க வேண்டிவருமோ என்று ஐந்து நிமிடம் சிரித்தோம்.

அமெரிக்காவிலிருந்து உண்மையான அப்பாச்சிப் பழங்குடிகளைக் கூட்டிவரக் கட்டுப்படியாகாதாம். மண்ணிற ஆட்கள், வயிறு இல்லாதவர்கள், கண்ணாடி போடாதவர்களாகப் பன்னிரண்டு பேர் போதுமாம். தொலைக்காட்சிக்குச் சரித்திரப் படம் எடுக்கிற டைரக்டர் ஜூலியன் வீட்டுக்கே வந்தார். மெல்லிய மனிதர், கழுத்தில் எப்போதும் ஒரு சால்வை. எங்களை முன்னறையில் வரிசையாக நிறுத்தித் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மணியம் அண்ணை பின்னால் நின்று ஆட்டுச் சந்தையில் நிற்பவர் மாதிரி, "நல்ல எலும்பு, பாருங்கோ, நல்ல எலும்பு" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலியன் செல்வராசா அண்ணையிடம் வந்ததும் நின்றுவிட்டார். அவருக்குத் தோள் வரைக்கும் முடி. சுத்தமான கறுப்பு. சலூனுக்குள் போய் எப்படி வெட்டவேண்டும் என்று இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் லண்டனுக்கு வந்த நாள்முதல் வளர்த்தது. எங்களுக்கெல்லாம் பொய்முடி. தூரத்திலிருந்து பார்த்தால் முடி, கிட்டவந்து பார்த்தால் தரை துடைக்கிற துணி. செல்வராசா அண்ணைக்கு மட்டும் சொந்த முடி என்பதால் அவர்தான் வீரர்களின் தலைவர். கமெரா அவருடைய முகத்துக்கு மட்டும்தான் கிட்டப் போகும். ஊரில் அவர் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர். தாய்க்கு ஒரே பிள்ளை. யாரோடும் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

ரெயினத்தில் மணல் தோண்டிக் கைவிட்ட, ஒரு மூலையில் தண்ணீர் தேங்கிய கிடங்குதான் அரிசோனா. மழை தூறாத நேரம் பார்த்துப் படம் பிடிப்பார்கள். அதனால் பெரும்பாலும் நாங்கள் அரிசோனாவில் தார்ப்பாய்க்குக் கீழே குந்தியிருந்தோம். முதல்நாள் தடிகளையும் புல்லையும் தந்து இரண்டு குடில் கட்டச்சொன்னார்கள். கட்டி முடித்தோம். ஜூலியன் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது இரண்டு குடிலுக்கும் நடுவில் வேலி நின்றது. ஒருவரும் சொல்லிச் செய்ததல்ல. மிச்சத் தடி கிடந்தது, யாழ்ப்பாணத்துக் கை தானாகப் போய்விட்டது.

"இது என்ன?" என்று கேட்டார்.

"எல்லை" என்றார் மணியம் அண்ணை.

அதோடு விடவில்லை. மற்றக் குடில்காரன் தன்னுடைய பக்கத்துக்குள் வேலி ஒரு முழம் வந்துவிட்டதென்று சண்டைக்கு வந்தான். அந்தச் சண்டையை ஜூலியன் படம் பிடித்துக்கொண்டார். வேலி தெரியாமல் வெட்டி, படத்தில் அதைப் போருக்கு முந்திய ஆலோசனையாகச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் மொழியிலேயே பேசுங்கள், பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று அவர் சொல்லியிருந்தார். பின்னணியில் ஒரு கனத்த குரல், மூத்தவர்கள் ஆவிகளிடம் வழி கேட்கிறார்கள் என்று இங்கிலீஷில் சொல்ல, அதற்குக் கீழே மெல்லியதாக மணியம் அண்ணையின் குரல் கேட்கும்: "எவனடா என்ரை குளிர்ச்சட்டையை எடுத்தவன்?"

4

மூன்றாம் நாள் உண்மையான அப்பாச்சி ஒருவர் வந்தார். பெயர் ரோய். ஆலோசகராம். ஐம்பது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய முடி, ஜீன்ஸ், பெரிய பெல்ட். மோட்டார் திருத்துகிற கடை வைத்திருப்பதாகச் சொன்னார். எங்களைப் பார்த்தவுடன் சிரிப்பார் என்று பயந்தோம். சிரிக்கவில்லை. ஒரு தரம் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, எங்கேயாவது சூடாகக் குடிக்கக் கிடைக்குமா என்று கேட்டார்.

தார்ப்பாய்க்குக் கீழே என் பக்கத்தில் வந்து குந்தினார். என் இங்கிலீஷ் அரைகுறை. அவரும் மெதுவாகத்தான் பேசினார்.

"எந்த நாடு?"

"சிலோன். யாழ்ப்பாணம்."

"அங்கே என்ன நடக்கிறது?"

"சண்டை."

"நிலத்துக்கா?"

"ஓம்."

ரோய் தேநீரைக் குடித்தார். "அப்படியென்றால் இவர்கள் ஆட்களைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்" என்றார்.

வேலிக் கதையைச் சொன்னேன். அதற்குத்தான் முதல் தரம் சிரித்தார். "எங்களைச் சுற்றி வேலி போட்டவர்கள் வேறு ஆட்கள்" என்றார். மத்தியானம் மணியம் அண்ணையின் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கொடுத்தோம். கையாலேயே சாப்பிட்டார். மணியம் அண்ணை பெருமையோடு பார்த்து, "நல்ல ஆக்கள்போலை. என்ன சாதியோ தெரியாது" என்றார்.

5

அடுத்தநாள் காலை நாங்கள் வானுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து போன் வந்தது. செல்வராசா அண்ணையின் மச்சான். தாய் செத்து எட்டு நாள். பாதை பூட்டிக் கிடந்ததால் செய்தி கொழும்புக்கு வந்துசேரவே அவ்வளவு நாள். தூரத்துச் சொந்தக்காரப் பொடியன் ஒருவன் கொள்ளி வைத்தானாம்.

செல்வராசா அண்ணை மாடிப்படியில் குந்தி இருந்துவிட்டார். அழவில்லை. ஒருவர் தேநீர்க் கோப்பையை நீட்ட, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"கொள்ளி வைக்கக் குடுத்துவைக்கேல்லை. மொட்டையெண்டாலும் அடிக்கவேணும். மொட்டை அடிச்சு முழுகாமல் பச்சைத்தண்ணியும் வாயிலை வைக்கமாட்டன்."

"அதுக்கென்ன ராசா, ஸ்ரேசனடியிலை சைப்பிரஸ்காரன்ரை சலூன் இருக்கு. பின்னேரம் வந்து அடிப்பம்" என்றார் மணியம் அண்ணை. "இப்ப வானிலை ஏறு. டைரக்டரிட்டை ஒரு சொல்லுச் சொல்லவேணும்."

ஜூலியன் செய்தியைக் கேட்டதும் செல்வராசா அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது, அதை நான் மறுக்கமாட்டேன். பிறகு முடியைப் பற்றி மணியம் அண்ணை சொல்ல, கையை விட்டுவிட்டார். இன்னும் ஒரு கிழமைக்கு அந்த முகம் வேண்டும். முகத்துக்குக் கிட்டப் பொய்முடி எடுபடாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கவேண்டி வந்தால் வேறு ஆட்களைத்தான் பார்க்கவேண்டும். ஒரு கிழமை பொறுக்கமுடியாதா?

"ஒரு கிழமை சாப்பிடாமல் இருக்கச் சொல்லுறாரோ?" என்று செல்வராசா அண்ணை கேட்டார்.

"நீயேன் சாப்பிடாமல் இருக்கிறாய்? சாப்பிடு. அம்மா கோவிக்கமாட்டா." மணியம் அண்ணை குரலைத் தாழ்த்தினார். "பன்னிரண்டு பேரின்ரை வேலையடா. பாத்துச் செய்."

செல்வராசா அண்ணை திரும்பி நடந்தார். போய் மணலில் இருந்தார். மேக்கப் போட்டார்கள், இருந்தார். குதிரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள், நின்றார். மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்தது, எழும்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு காட்சியில் மணல் மேட்டில் ஏறச் சொன்னபோது கால் தடுக்கி விழுந்தார். தூக்கி இருத்தினோம். தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன். உதட்டைப் பூட்டிக்கொண்டார்.

ரோய் என்னிடம் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். தாய். செத்தா. முடி வெட்டவேண்டும். டைரக்டர் வேண்டாம் என்கிறார்.

ரோய் எழும்பி ஜூலியனிடம் போனார். "எங்களுடைய ஆட்களும் நெருங்கிய சொந்தம் செத்தால் முடியை வெட்டுகிறவர்கள். அந்த ஆளை வெட்டவிடு."

ஜூலியனின் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அரிசோனாவில் அந்தக் கிழமை முழுக்க வராத வெளிச்சம்.

"இதைத்தான் நாம் படம் பிடிக்கவேண்டும்" என்றார்.

"நான் உன்னுடைய படத்துக்காகச் சொல்லவில்லை" என்றார் ரோய்.

"மரியாதையோடு செய்வோம். மிகுந்த மரியாதையோடு."

மணியம் அண்ணை ஓடிவந்து செல்வராசா அண்ணைக்குச் சொன்னார். அவர் முதல் தரமாக நிமிர்ந்து பார்த்தார். கமெரா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அவருக்கு இறங்க வேண்டியது தலையிலிருந்த பாரம். "இப்பவே செய்யச் சொல்லுங்கோ" என்றார்.

மேக்கப் பெண் கத்தரிக்கோலோடு வந்தாள். ஜூலியன் அவளைத் தடுத்தார். வெள்ளைக்காரியின் கை எப்படி அப்பாச்சி முடியை வெட்டும்? உங்களில் ஒருவர் வெட்டவேண்டும் என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

வரிசை ஓரடி பின்னால் போனது.

லண்டனுக்கு வந்து நாங்கள் கழுவாத பொருள் இல்லை. கோப்பை கழுவியிருக்கிறோம், கக்கூஸ் கழுவியிருக்கிறோம், வெள்ளிக்கிழமை இரவுகளில் குடிகாரர் கக்கிய சத்தியை வாளி வாளியாகக் கழுவியிருக்கிறோம். அந்த வரிசையில் நின்ற ஒருவர் ஆஸ்பத்திரியில் செத்தவர்களின் படுக்கை விரிப்பு மாற்றுபவர். ஊருக்குக் கடிதம் எழுதும்போது எல்லோருக்கும் கொம்பனியில் வேலை. முகத்தில் சாயம் பூசிக் கோமணம் கட்டி மணலில் உருளவும் ஒருவருக்கும் வெட்கமிருக்கவில்லை. ஆனால் சாவுக்கு மொட்டை அடிப்பதற்கு ஊரில் ஒரு சாதி இருக்கிறது. அந்தக் கத்தியைத் தொட்டால் கை அந்தக் கையாகிவிடும்.

ஒருவருக்கு முதுகுப்பிடிப்பு. ஒருவருக்கு இரத்தம் கண்டால் மயக்கம். இரத்தம் எங்கே வரப்போகிறது என்று நான் கேட்டேன். வந்தாலும் வரும் என்றார். மூன்றாவது ஆள் தன்னுடைய கண்ணாடி வீட்டில் என்றார். கண்ணாடி போடுகிறவரை எடுப்பதில்லை என்றுதானே சொல்லியிருந்தார்கள்.

"அண்ணை, நீங்கள்தானே மூத்தவர்" என்றேன் மணியம் அண்ணையிடம்.

"உனக்கென்ன விசரே? அது அந்த ஆக்களின்ரை வேலை."

"அந்த ஆக்கள் இஞ்சை ஆரிருக்கினம்?"

"அதுக்கு நாங்கள் ஆகிறதே? தம்பி, இது ரிவியிலை வாற விஷயம். எனக்கு ரெண்டு பொடியள் வளருது. நாளைக்கு ஊரிலை ஆரும் பாத்தால் ஆர் பொம்பிளை தருவினம்?"

"ஊரிலை கரண்டே இல்லையே அண்ணை!"

"எப்பவும் இல்லாமலே இருக்கப்போகுது?"

செல்வராசா அண்ணை மணலில் இருந்தபடி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை. அவரும் எங்கள் ஆள்தானே. கேட்கக்கூடாத விஷயம் என்று அவருக்குத் தெரியும். ரோயும் ஜூலியனும் எங்களுக்குள் என்ன நடக்கிறது என்று விளங்காமல் நின்றார்கள். மதச் சடங்கு ஏதாவதா என்று ஜூலியன் மெதுவாகக் கேட்டார். மணியம் அண்ணை, "ஓம் சேர், ரிலிஜன், ரிலிஜன்" என்றார்.

நான் மேக்கப் பெண்ணிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கினேன். பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. நான் லொறியிலும் படகிலும் முகாம்களிலும் வளர்ந்தவன். பசியோடு இருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பழக்கமில்லை.

6

ஜூலியன் கத்தரிக்கோலைப் பார்த்ததும் ஓடிவந்து எலும்பில் செய்த ஒரு கத்தியைத் தந்தார். அது வெண்ணெயையும் வெட்டாது. கமெரா கிட்ட வரும்போது எலும்புக் கத்தி, தூரப் போனதும் கத்தரிக்கோல் என்று ஏற்பாடு. செல்வராசா அண்ணை எனக்கு முன்னால் முதுகைக் காட்டி இருந்தார். முதல் பிடி முடியை வெட்டியதும் ஜூலியன், "அருமை. இன்னொரு தரம்" என்றார். வெட்டிய இடத்தில் இனி எதை வெட்டுவது என்று கேட்டேன். மற்றப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கச் சொன்னார். நல்லவேளை, தலைக்கு இரண்டு பக்கம் இருந்தது.

ரோயைத் தேடினேன். அவர் மேட்டில் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி, தேம்ஸ் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். முடியும்வரை திரும்பவில்லை.

கத்தரிக்கோல் முடிந்து சவரக்கத்தி. மேக்கப் பெண் சூடான தண்ணீரும் நுரையும் கொண்டுவந்தாள். நுரையைத் தலையில் தடவினேன். ஒரு தலை இவ்வளவு மேடும் பள்ளமும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கீறல் விழுந்தது.

"நோகுதே அண்ணை?"

"இல்லை. பின்பக்கம் வடிவா வருதோ?"

"வருது."

"அம்மாவுக்கு என்ரை முடி பிடிக்காது" என்றார். "படம் அனுப்பினனான். உதென்ன கோலம், வெட்டடா எண்டு எழுதினவ." மழித்த பக்கத்தைத் தடவி, "வெட்டிப்போட்டன்" என்றார். அதைச் சொன்னது எனக்கல்ல. தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கியது. நான் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிற்கும்வரை பொறுத்தேன். ஜூலியன் அதையும் எடுத்தார்.

முடிந்ததும் செல்வராசா அண்ணை கிடங்கின் தண்ணீரில் இறங்கி முழுகினார். ஐப்பசிக் குளிர். வெட்டிய முடியைத் தண்ணீரில் விடலாம் என்று திரும்பினேன். முடி அங்கே இல்லை. படக்காரரில் ஒருத்தி அதைப் பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அதைத் தலைத்துணியின் ஓரத்தில் ஒட்டி, மிச்ச நாட்களுக்குச் செல்வராசா அண்ணையின் மொட்டையில் கட்டிப் படத்தை முடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருவருடைய வேலையும் போகவில்லை. வீடியோவில் பார்த்தால், தாய்க்கு மொட்டை அடித்த மறுநிமிடம் அவர் நீண்ட முடியோடு குதிரையில் போகிறார். ரீச்சர் அதைக் கவனிக்கவில்லை.

மணியம் அண்ணையின் சோற்றுப் பார்சல் ஒன்று மிச்சமிருந்தது. நான் அதை எடுத்துப் பிரிக்கப் போனேன். மணியம் அண்ணை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நீ தொடாதை தம்பி."

"கை கழுவிட்டன் அண்ணை."

"உன்னை ஒண்டும் பிழை சொல்லேல்லை. பொடியள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

அவரே பிரித்துக் கொடுத்தார். செல்வராசா அண்ணை ஈரத் தலையோடு ஒரு பலகையில் இருந்து சாப்பிட்டார். அவசரமில்லாமல், ஒரு பருக்கை விடாமல். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, நான் பக்கத்தில் இருக்கட்டும் என்று பலகையில் ஒதுங்கி இடம் விட்டார். அந்த இடத்தில் மணியம் அண்ணை வந்து இருந்துகொண்டார்.

7

பின்னேரம் வானில் என்னுடைய வழக்கமான இடத்தில் சோற்றுப்பானை இருந்தது.

"இண்டைக்கு நெருக்கமாக் கிடக்கு. பஸ்ஸிலை வா" என்றார் மணியம் அண்ணை. ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அறையிலை பொடியள் கொஞ்சம் யோசிக்கிறாங்கள். உன்ரை பெட்டியைக் கீழை வாசலிலை வைக்கிறன். குறை நினையாதை."

நான் குறை நினைக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து வெளியே போகச் சொன்னது அது முதல் தரமல்ல. முன்னையவர்களை விட மணியம் அண்ணை மரியாதையாகத்தான் சொன்னார். பஸ்ஸுக்குக் காசு என் காற்சட்டையில், காற்சட்டை வானில். அது நினைவு வந்தது வான் என்னைக் கடந்து போன பிறகுதான். ஆகவே நடந்தேன். லொறிக்காரனையும் பொலிஸ்காரரையும் பற்றி முதலே சொல்லிவிட்டேன்.

மணியம் அண்ணைக்கு இன்று ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை இருக்கிறது. கோயில் நிர்வாகத்திலும் இருக்கிறார். வழியில் கண்டால் நன்றாகக் கதைப்பார். அவருடைய மூத்த மகன் கல்லூரியில் முடி அலங்காரம் படித்து ரொம்ஃபோர்டில் கடை திறந்திருக்கிறான். திறப்புவிழா அழைப்பிதழ் எனக்கும் வந்தது. தமிழ்ப் பக்கத்தில் 'புதிய வியாபார நிலையம்' என்று மட்டும் போட்டிருந்தது. இங்கிலீஷ் பக்கத்தில்தான் என்ன வியாபாரம் என்று இருந்தது. செல்வராசா அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் முடி வளர்க்கவேயில்லை என்று சொல்கிறார்கள்.

அன்று பெட்டியை வாசலில் எடுத்துக்கொண்டு, பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த சிநேகிதன் ஒருவனின் பின்னறையில் படுத்தேன். காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்ரேசனடிக்கு நடந்தேன். சைப்பிரஸ்காரனின் சலூன் கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. ஆள் தேவை. எத்தனையோ நாள் அதைக் கடந்து போயிருக்கிறேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் கடந்து போனவர்கள்தான். வேலை தேடி நாங்கள் படியேறாத கடை அந்தத் தெருவில் அது ஒன்றுதான்.

கதவைத் திறந்தேன். கிழவர் ஒருவர் முடிவெட்டுகிற கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டையைக் காட்டினேன்.

"முன்பு செய்திருக்கிறாயா?"

"ஒரு தலை."

"எப்போது?"

"நேற்று."

துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆள் என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். "எழும்பிப் போய்ச் சாப்பிட்டார்."

கிழவர் கிட்ட வந்து என் காதைப் பார்த்தார். காதுக்குள் சிவப்புச் சாயம் இருக்கிறது, உள்ளே போய்க் கழுவிவிட்டு வா என்றார். கழுவிவிட்டு வந்தேன். தரையைக் கூட்டத் தும்புத்தடியைக் கையில் தந்தார்.